சாமி மேடை ஏறிய லேப்டாப்

என் கணவர் மதிவாணனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விடமாட்டார். ஃபேனில் காற்று நன்றாக வந்தால், இன்னும் நன்றாக வரும் என்று கழற்றுவார். ரைஸ் குக்கர் சத்தமில்லாமல் சோறு வடித்தால், ஏன் சத்தமில்லை என்று கவிழ்த்துப் பார்ப்பார். மலேசியாவில், செனாய் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. அங்கே ஒரு ஆணியைத் தொட நாலு பேரிடம் கேட்க வேண்டுமாம். அந்த அரிப்பையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் தீர்த்துக்கொள்வார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், என் லேப்டாப்பில் அவர் கை வைக்கும் வரைக்கும்.

அதுவும் எந்த நாளில் வைத்தார்? ஆயுத பூஜை அன்று. அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு செனாய் விமான நிலையத்தில் மூவார் தவ்கேயை, அந்தச் சீன முதலாளியை, நான் பார்க்க வேண்டிய அன்று.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைகிற வேலை. இருட்டில் எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் ஆயிரம் மோட்டார்களுக்கு நடுவே புகை குடித்து நகர்ந்து, திரும்பி வரும்போதும் இருட்டுதான். ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு. எங்கள் வீட்டு வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியும். மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலை வைத்திருக்கும் கோ என்கிற சீன முதலாளி, வீட்டிலிருந்தே படம் வரைந்து தர ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். அவர் ஒரு சமையலறையின் அளவுகளை அனுப்பினார். வெறும் படம் வேண்டாம், அதற்குள் நான் நடந்து பார்க்க வேண்டும் என்றார். திரையில் கதவைத் திறந்து, உள்ளே போய், இழுப்பறையை இழுத்துப் பார்க்கிற மாதிரி. ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து செய்து முடித்தேன். அன்று அவர் பினாங்குக்கு விமானம் ஏறுகிறார். ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எனக்கு ஒதுக்கியிருந்தார். பிடித்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் பினாங்கில் இன்னொரு ஆள் காத்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்ன மனுஷன் அவர்.

காலையில் பசியாறும்போதே மதி ஆரம்பித்தார்.

“பிரவீ, அந்தப் படத்துல நடக்கும்போது நடுவுல நடுவுல விக்குது பாத்தியா?”

“பாத்தேன். பரவால்ல.”

“கிராபிக்ஸ் கார்டுதான் பிரச்சனை. அதோட ஃபர்ம்வேர மாத்திட்டா பறக்கும். இதே கார்டுக்கு பெரிய மாடல்ல வர்ற ஃபர்ம்வேர் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை லா.”

“தொடாதீங்க. நாளைக்கு வேணும்னா அதத் தூக்கிச் சட்டியில போட்டு வறுத்துக்குங்க. இன்னிக்குத் தொடாதீங்க.”

“சரி சரி,” என்றார். அந்த ‘சரி சரி’யை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று அன்றைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும். கார்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிற சின்ன நிரல் அது. கரண்ட் வந்ததும் ‘நீ இன்னார், உன் வேலை இன்னது’ என்று கார்டுக்குச் சொல்வது அதுதான். பழையதை அழித்துப் புதிதை எழுதும் அந்த இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போகக்கூடாது. போனால் கார்டுக்குத் தன் பேரே மறந்துவிடும். என் லேப்டாப்பின் பேட்டரியோ செத்து ஒரு வருஷம். வயரை உருவினால் பொசுக்கென்று அணைந்துவிடும். இது மதிக்கும் தெரியும். தெரிந்தும், மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் வடை சுட்டு முடித்துக் குளிக்கப் போன நேரம் பார்த்து, எழுதும் கட்டளையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கலாமே? வாசலில் அத்தை, “மோட்டாரக் கழுவு, பொட்டு வைக்கணும்,” என்று கூப்பிட்டதும் போய்விட்டார். இரண்டு நிமிஷம்தானே என்று.

அத்தை என்றால் என் மாமியார், பேச்சியம்மாள். ஆயுத பூஜை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. வீட்டில் தொழிலுக்கு உதவுகிற எதுவும் அன்று சாமி மேடைக்குப் போயாக வேண்டும். மகனின் டிரில், ஸ்குருடிரைவர் பெட்டி, தன் கத்தரிக்கோல், காய்கறிக் கத்தி, காடி என்கிற காரின் சாவி, மோட்டார் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. ஒரு தடவை மேடைக்குப் போனால் மறுநாள் காலை தீபம் காட்டும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கத்தியும் அங்கே போய்விடும் என்பதால் ராத்திரிக்கு வேண்டிய காய்கறியைக் காலையிலேயே நறுக்கி வைத்துவிடுவார். அவ்வளவு கறார்.

நான் தலையில் துண்டோடு வெளியே வந்தபோது மதியின் குரல் ஒரு மாதிரி கேட்டது.

“இங்க இருந்த லேப்டாப் எங்கம்மா?”

“சாமிகிட்ட வச்சிருக்கேன்யா.”

“எப்ப எடுத்தீங்க?”

“நீ மோட்டாரக் கழுவப் போனேல்ல, அப்பத்தான். மூஞ்சி கறுப்பா இருந்துச்சு. அணைச்சிட்டு போயிட்டேன்னு நெனச்சு மூடி எடுத்து வச்சேன். வயர உருவிட்டுத்தான் எடுத்தேன், ஷாக் அடிக்கும்ல.”

“அலமாக்!” என்று மதி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன பண்ணீங்க?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல லா.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?”

சாமி மேடையில் நட்ட நடுவில் என் லேப்டாப். மூடி மேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், சுற்றி மல்லிகைப்பூ. நான் அதைத் தூக்கினேன். “எடுக்காத, எடுக்காத,” என்று அத்தை பதறினார். நான் காதில் வாங்கவில்லை. மேஜையில் வைத்து வயரைச் சொருகி அழுத்தினேன். விளக்கு எரிந்தது. ஃபேன் உறுமியது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். அதே உறுமல், அதே கறுப்பு.

அப்புறம்தான் மதி ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். லேப்டாப்புக்குள் படம் காட்ட இரண்டு சிப் இருக்கிறதாம். ஒன்று பிராசஸரோடு ஒட்டிய சாதுவான சின்னது. இன்னொன்று தனி கார்டு. கொஞ்ச நாளைக்கு முன்னால் இந்தப் புண்ணியவான், சின்னதை ஒதுக்கிவிட்டு எல்லாமே தனி கார்டு வழியாகவே வரும்படி மாற்றி வைத்திருக்கிறார். வேகத்துக்காகவாம்! ஆகவே கார்டு போனதும் திரையும் போனது. டிவியில் மாட்டிப் பார்த்தார். டிவி வயரைச் சொருகும் ஓட்டையும் தனி கார்டோடு சேர்ந்ததுதானாம், அங்கேயும் கறுப்பு.

“பழைய ஃபர்ம்வேர காப்பி எடுத்து வச்சீங்களா இல்லையா?”

“எடுக்காம செய்வேனா?” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

“எங்க?”

நெஞ்சு மெதுவாக இறங்கியது. “லேப்டாப்புலதான்.”

வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து நிற்கிற ஆளை என்ன செய்வீர்கள்? நான் துண்டை உருவி அவர் மேல் எறிந்தேன்.

வழி இல்லாமல் இல்லை, அதையும் அவரே சொன்னார். லேப்டாப்பின் அடி மூடியைத் திறந்து, பேட்டரியையும் உள்ளே இருக்கும் காசு மாதிரியான குட்டி பேட்டரியையும் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால், செய்து வைத்த மாற்றங்களெல்லாம் அதற்கு மறந்துபோகும். கடையிலிருந்து வந்த மாதிரி சின்ன சிப் வழியாகப் படம் காட்டும். படம் வந்துவிட்டால் பழைய ஃபர்ம்வேரை எடுத்துக் கார்டில் திரும்ப எழுதிவிடலாம்.

“அப்ப தெறங்க! என்ன வேடிக்கை?”

மதி சாமி மேடையைப் பார்த்தார். ஸ்குருடிரைவர் பெட்டி அங்கே பூவுக்கு அடியில் இருந்தது.

“எடுங்க.”

“இல்ல பிரவீ. அந்த வருஷம் பூஜை அன்னிக்கு டிரில்ல எடுத்தேன்ல, கையில தையல் போட்டாங்கள்ல...”

“நீங்க வெரல வச்சு ஓட்டை போட்டா சாமி என்ன பண்ணும்?”

அவர் அசையவில்லை. இந்த மனுஷன் என் லேப்டாப்பின் மூளையையே அழிப்பார், தன் ஸ்குருடிரைவரை மட்டும் தொடமாட்டார்! எதிர்வீட்டு மலாய்க்காரர் பா டினிடம் ஓடினேன். பாவம், இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் கூரை போடுகிற சைஸ். என் லேப்டாப்பில் இருப்பதோ நட்சத்திர வாய் வைத்த குட்டிக் குட்டி ஸ்குரு. அது பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்காது, ஜொகூர் பாருவுக்குத்தான் போக வேண்டும். போய்த் திரும்புவதற்குள் கோ பினாங்கில் இறங்கியிருப்பார். கூலாயில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வேலுவுக்குப் போன் போட்டேன்.

“ஐயோ அக்கா, கடை சாமானே பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையில மொத வேலையா பாத்துத் தர்றேன்.”

“நாளைக்கு எதுக்கு? கருமாதிக்கா?” என்று வைத்துவிட்டேன். அவன் மேல் என்ன தப்பு? யாரையாவது கடிக்க வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தால் மதி நகம்வெட்டியின் முனையை வைத்து ஸ்குருவைத் திருகிக்கொண்டிருந்தார். கிறீச் என்றது. ஒரு ஸ்குருவின் தலை மழுங்கியே போய்விட்டது. அதோடு என் பொறுமையும் போனது. நான் நேராகச் சாமி மேடைக்குப் போனேன். அத்தை எனக்கு முன்னால் போய் நின்றார்.

“தள்ளுங்க அத்தை.”

“நாளைக்கு எடுக்கலாம்மா. சாமிகிட்ட வச்சத எடுக்கக்கூடாது.”

“நாளைக்குக் காலையில உங்க சாமியா வந்து பாலத்துல மோட்டார் ஓட்டும்? நான்தான ஓட்டணும்! ஆறு வருஷமா நான்தான் ஓட்டுறேன். நான் என்ன பெருசா கேட்டேன்? ஒரு நாளு, இந்த ஒரே ஒரு நாளு யாரும் ஒண்ணையும் தொடாம இருந்திருக்கலாம்ல? அவரு ஒரு பக்கம் அழிச்சாரு, நீங்க ஒரு பக்கம் வயரப் புடுங்கினீங்க. ஆளுக்குப் பாதியா என் பொழப்ப முடிச்சிட்டீங்க!”

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. மாமியாரிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எனக்குத் தெரியாதா?” என்றார். “போன மாசம் நீ பாலத்துல விழுந்துட்டு வந்து, வேலையில படி வழுக்கிருச்சுன்ன. அந்தக் கால்சட்டையத் தொவச்சது யாரு? தாருல தேஞ்ச துணிக்கும் படியில தேஞ்ச துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? சொன்னா நீ சங்கடப்படுவேன்னு வாயத் தெறக்கல. தெனமும் நீ கெளம்பிப் போனா, வேலைக்குப் போய்ச் சேந்துட்டேன்னு இவனுக்கு மெசேஜ் வர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது. இன்னியோட அந்த எழவுப் பாலம் முடியட்டும்னுதான் ஒன் பொட்டிய எல்லாத்துக்கும் மொதல்ல எடுத்து வச்சேன். நடுவுல வச்சேன், பாத்தேல்ல? இவன் சாமான் எல்லாம் ஓரத்துலதான் கெடக்கு.”

நான் மேடையைப் பார்த்தேன், நட்ட நடுவில் என் லேப்டாப் இருந்த இடம் காலியாக இருந்தது.

“பாலத்துல விழுந்தியா? எப்ப?” என்றார் மதி.

“நீங்க கம்முனு இருங்க,” என்றோம் நாங்கள் இரண்டு பேரும்.

அத்தை திரும்பினார். அடுப்படிக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் சீனியும் கொண்டுவந்து மேடையில் வைத்தார். சூடம் கொளுத்தினார். “தாயே, நாளைக்குக் காலையில காட்ட வேண்டிய தீபத்த இப்பவே காட்டிடுறேன். குத்தம்னா என்னையக் கேளு. இந்தப் புள்ள தலையில ஏத்தாத,” என்று சத்தமாகவே சொன்னார். சூடத்தை எங்கள் பக்கம் நீட்டினார். நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டதும், தன் கையாலேயே பூவை ஒதுக்கி, ஸ்குருடிரைவர் பெட்டியை எடுத்து மகனிடம் நீட்டினார்.

“புடி. ஒழுங்காச் செய்யி. இதையும் கெடுத்தே, ஒனக்கு இன்னிக்குச் சோறு கெடையாது.”

மழுங்கின ஸ்குருவை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றி, அந்த ஒரு மூலையிலேயே மூடியைச் சுழற்றி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மதி இரண்டு பேட்டரிகளையும் கழற்றினார். காத்திருந்தோம். காத்திருப்பது எனக்கு என்றைக்குமே ஆகாது. வீட்டைச் சுற்றி வந்தேன், வடையைப் பிய்த்தேன், பிய்த்ததைத் தின்னாமல் வைத்தேன். பிறகு அவர் குட்டி பேட்டரியை மட்டும் திரும்ப வைத்து, வயரைச் சொருகி அழுத்தினார். கறுப்பு. ஃபேன் உறுமி, தானாகவே அணைந்தது. “போச்சு,” என்றேன். “இரு லா,” என்றார். தானாகவே மறுபடி எரிந்து, திரையின் நடுவில் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து, அப்புறம் என் பெயர் வந்தது. நான் ஒரு சத்தம் போட்டேன். என்ன சத்தம் என்று எனக்கே தெரியாது. பா டின் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

படம் வந்தது, கோப்பு பத்திரம். ஆனால் சின்ன சிப்பை வைத்துக்கொண்டு என் சமையலறைக்குள் நடக்க முடியவில்லை. கதவு திறக்கவே மூச்சு வாங்கியது. ஆகவே கார்டில் பழையதைத் திரும்ப எழுதியே ஆக வேண்டும். அதே கட்டளை, அதே இரண்டு நிமிஷம். சொருகி ஆடிவிடக்கூடாது என்று நான் பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அத்தை மெயின் சுவிட்சுக்கு முன்னால் கையை விரித்துக் காவல் நின்றார். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். “யாரும் இல்ல, போங்க!” என்று கத்தினார் அத்தை. மதி திரையைப் பார்த்தபடி வாய்க்குள் நொடியை எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

முடிந்தது என்று திரை சொன்னது. அணைத்துப் போட்டோம். கார்டுக்குத் தன் பேர் ஞாபகம் வந்துவிட்டது. நடந்து பார்க்க நேரமில்லை, மணி நாலரை தாண்டியிருந்தது.

காடிச் சாவியையும் அத்தையே மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மதி ஓட்டுகிறேன் என்று எழுந்தார். “நீங்க வராதீங்க, போற வழியில இன்ஜின இன்னும் நல்லா ஓட வைப்பீங்க,” என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

விமான நிலையத்தில் காப்பிக் கடையில் கோ உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு, வெள்ளைச் சட்டை, எப்போதும் கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். நான் உட்கார்ந்ததும் முதலில் தேடினது அவர் முகத்தை இல்லை, பிளக் பாயின்டை. அந்த மேஜையில் இல்லை. பக்கத்து மேஜையில் இல்லை. கடைசியில் வெளியே ஒரு தூணின் அடியில், தரையோடு தரையாக ஒன்று இருந்தது. வேறு வழி? பெரிய கம்பெனி முதலாளியை, “பாஸ், இங்கே வரமுடியுமா?” என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். பளபளவென்ற சப்பாத்துக் காலோடு என் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். மூடியில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தை ஒரு பார்வை பார்த்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. விக்காமல் திறந்தது. மௌஸை அவரே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே நடந்தார். அடுப்புக்கு மேல் இருந்த அலமாரியைத் திறந்தார், மூடினார். இழுப்பறையை இழுத்தார். மூலையில் இருந்த சுற்று அலமாரியை இரண்டு தடவை சுற்றினார். நான் பிளக்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவர் பயண அறிவிப்பு வந்தது. எழவில்லை. மறுபடியும் இழுப்பறையை இழுத்தார்.

“போலே,” என்றார். மலாயில் முடியும், நன்று, சரி என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். “பினாங்கு ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீ எப்போது ஆரம்பிக்கிறாய்?”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனபின், தூணில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மதிதான் எடுத்தார்.

“பிரவீ, கார்டு எப்படி? சூடாச்சா? விக்குச்சா?”

“அத்தைகிட்ட குடுங்க.”

“இல்ல, டெம்பரேச்சர் எவ்வளவுன்னு...”

“அத்தைகிட்ட குடுங்க!”

போன் கை மாறியது. “சொல்லும்மா,” என்றார் அத்தை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி.

“அத்தை, வேலை கெடச்சிருச்சு. இனிமே நான் பாலத்துக்குப் போக வேணாம்.”

லைன் போய்விட்டதோ என்று, “அத்தை, அத்தை,” என்றேன். ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி மதியின் குரல், பதற்றமாக வந்தது.

“பிரவீ, அம்மாவ என்ன சொல்லித் திட்டுன? இப்படி அழுவுறாங்க!”

இந்த மனுஷனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? வாயைத் திறந்தேன். எனக்கும் அழுகைதான் வந்தது.